கேட்டான் கல்

மூஞ்சியத் தூக்காதீக. எங்க போறீகன்னு கேட்டதுக்கா இம்புட்டுக் கோவம்? நல்ல காரியத்துக்குப் போறவுகள ‘எங்க’ன்னு கேக்கக்கூடாது, கேட்டா போற காரியம் வெளங்காது, ‘தூரமா’ன்னுதான் கேக்கணும். அதானே? எங்களுக்கும் தெரியும், நாங்க ஒண்ணும் காட்டுல மொளச்சவுக இல்ல. இந்தச் சீமை பூராம் அப்படித்தான். செவ்வந்தியேந்தல்காரவுக மட்டும் இப்படித்தான். டீக்கடையில கேப்போம், பஸ்ஸுல கேப்போம், தாலி கட்டப் போறவனையும் நிப்பாட்டிக் கேப்போம். வேனுக்கு டயர் மாத்துற வரைக்கும் ஒங்களுக்கும் போக்கிடம் இல்ல. அந்தக் கல்லுல மட்டும் ஒக்காராதீக. பெரிய கல்லும் வேணாம், சின்னக் கல்லும் வேணாம். இப்படி நெழலுக்கு வாங்க, சொல்றேன்.

தாது வருசத்துப் பஞ்சம் போயி, செத்தவுகளுக்கு அழுத கண்ணும் காஞ்சு போன காலம். இதே செவ்வந்தியேந்தல்ல சேவுகன், சேவுகன்னு ஒருத்தர் இருந்தாராம். ஆடுதான் அவரு பொழப்பு. தை அறுப்பு முடிஞ்சா ஆட்டப் பத்திக்கிட்டு வடக்க சோழச்சீமைக்குப் போயிருவாராம். அங்க அறுத்த வயல்ல கிடை போடுறது. ராத்திரி பூராம் ஆடு வயல்ல அடைஞ்சு கெடந்தா வயலுக்கு எரு, இவருக்கு நெல்லு. ஆடி பொறந்தாத்தான் ஊரு திரும்புவாரு. கல்யாணம் காச்சி ஒண்ணும் பண்ணிக்கல. அவருக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா, அடைக்கி. அக்காளுக்கு ஒரு மக, மழைச்சி. அந்த மழைச்சிதான் அவருக்கு உசுரு.

மழைச்சி அடைக்கி வயித்துல பொறந்தவ இல்ல. இத நான் இப்ப வாய்விட்டுச் சொல்றேன். அப்ப ஊர்ல ஒருத்தரும் சொல்ல மாட்டாக.

தாது வருசத்துல அக்காளும் தம்பியும் கஞ்சித்தொட்டிக்கு நடந்து போவாகளாம். பசிச்ச சனத்துக்குக் கஞ்சி ஊத்துற எடம். அடைக்கி பெத்த பிள்ளை பத்தாம் நாளே போயிருச்சு. மாரு கட்டி, காச்சலோட திரும்பி வர்றா. இந்தா, இதே நாலுபாதையில, ஒரு ஆவாரஞ்செடிக்குக் கீழ ஒரு பொம்பளை செத்துக் கெடக்கா. பக்கத்துல சீலத்துணியில சுத்துன பச்ச மண்ணு. அழத் தெம்பில்லாம வாயத் தொறந்து தொறந்து மூடுச்சாம். அடைக்கி ஒண்ணும் யோசிக்கல. அந்தப் புழுதியில ஒக்காந்து மாராப்ப வெலக்கி வாயில வச்சுட்டா. யாரு பெத்ததோ, என்ன சாதியோ, கேக்கறதுக்கு ஆளும் இல்ல. வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த அன்னைக்குச் சாயங்காலம் நாலு தூத்தல் விழுந்துச்சாம். அதான் பேரு மழைச்சி.

ஊரு என்ன பண்ணுச்சு தெரியுமா? அம்பலகாரர் எல்லாரையும் அய்யனார் கோயிலுக்குக் கூப்பிட்டாரு. சூடத்தப் பொருத்தினாரு. இது அடைக்கி பெத்த பிள்ளை, இதுக்கு மாறா எந்த வாய் பேசுதோ அந்த வாய அய்யனாரு பாத்துக்கிருவாருன்னு சொன்னாரு. பெரியவுக சின்னவுக அத்தனை பேரும் சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுனாக. ஊருணிக்கரையில சண்டை வந்தா ஏழு தலைமொறைய இழுத்துப் போட்டுப் பேசுற ஊரு இது. பதினேழு வருசம், ஒரு சண்டையில கூட அந்தப் பேச்சு வரல. பிள்ளைக்கே தெரியாது. மழைச்சி வந்த ராசி, அஞ்சாம் வருசம் அடைக்கிக்கு ஒரு ஆம்பளப் பிள்ளையும் பொறந்துச்சு. அந்தப் பிள்ளை வகையறாதான் நாங்க.

சித்திரையில மழைச்சிக்குச் சம்பந்தம் பேசுனாக. மேக்க, பூவாலங்குடி. நல்ல எடம், ஆடு மாடு உள்ள குடும்பம். வைகாசியில கல்யாணம். சேவுகன் சோழச்சீமையில கிடந்தாரு, சம்பந்தகாரவுக மொகத்தப் பாத்ததில்ல. ஊருப் பேரு மட்டும் தெரியும். வேற ஒரு கிடைக்காரன் மூலமா சேதி போச்சு. அம்மான் வந்து மாலை எடுத்துக் குடுத்தாத்தான் நான் மணவறையில ஒக்காருவேன்னு மழைச்சி சொல்லிவிட்டாளாம். இதக் கேட்டா மனுசன் நிப்பாரா? ஆட்டக் கூட்டாளிகிட்ட ஒப்படைச்சாரு. கும்மோணத்துல பச்சைக் கண்ணாடி வளையல் ரெண்டு டசன் வாங்கி வைக்கலுக்குள்ள பொதிஞ்சு மடியில கட்டுனாரு. நடந்தாரு.

ஒரு நா நடந்தாரு, ரெண்டு நா நடந்தாரு. மூணாம் நா உச்சி வெயில்ல உள்ளங்கால்ல கருவேல முள்ளு ஏறி உள்ளயே ஒடிஞ்சு போச்சு. நொண்டி நொண்டி இந்த நாலுபாதைக்கு வந்து சேந்தாராம். வடக்க சோழச்சீமை, மேக்க பூவாலங்குடிப் பக்கம், தெக்க கடக்கரை, கெழக்க செவ்வந்தியேந்தலும் அதத் தாண்டி இன்னும் பத்து ஊரும். நாலும் கூடுற எடத்துல ஒரு புளிய மரம். மரத்தடியில ரெண்டு வண்டி அவுத்துக் கெடந்துச்சு. ஆணும் பொண்ணுமா ஒரு இருபது பேரு, சோத்துப் பெட்டியப் பிரிச்சு வச்சிருக்காக.

இவரு நொண்டுறதப் பாத்துட்டு, வாங்க, வெயிலு கொல்லுது, வந்து ஒக்காருங்கன்னு கூப்பிட்டாகளாம். அவுகளுக்குள்ள மூத்தவரு வயிரவன்னு பேரு. நரைச்ச மீசை, வாய் நெறைய வெத்தலை. முன்னப் பின்ன தெரியாத ஆளுக்குத் தன் துண்ட விரிச்சுப் போட்டாரு.

“தூரமா?”ன்னாராம் வயிரவன்.

“தூரந்தான். ஒங்களுக்கு?”

“எங்களுக்கும் தூரந்தான். நல்ல காரியமா?”

“நல்ல காரியந்தான்.”

“எங்களுக்கும் நல்ல காரியந்தான்.”

ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாகளாம். அம்புட்டுத்தான் கேட்டது. அவரும் எங்கன்னு கேக்கல, இவரும் எங்கன்னு கேக்கல. மருவாதை தெரிஞ்சவுக. போற காரியம் கெட்டுறக்கூடாதேன்னு நல்ல மனசோடதான் கேக்காம இருந்தாக. கல்யாண வண்டின்னு சேவுகனுக்குத் தெரியாதான்னா தெரியும். அந்த வைகாசியில பாதையில போன வண்டி பூராம் கல்யாண வண்டிதான். எந்தக் கல்யாணம்னுதான் தெரியாது.

கூட்டத்துல ஒரு எளந்தாரி இருந்தான், நல்லணன்னு பேரு. அவன் எந்திரிச்சு வந்து சேவுகன் கால எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டான். இன்னொரு முள்ள ஒடிச்சு, ஒடிஞ்ச முள்ளக் கெல்லி எடுத்தான். எருக்கம்பாலு விட்டுத் துணி கிழிச்சுக் கட்டுனான். வெறுங்காலோட போகாதீகன்னு சொல்லித் தன் கால்ல கெடந்த புதுச் செருப்பக் கழட்டி மாட்டியும் விட்டான். அன்னைக்குத்தான் போட்ட செருப்பு, வாரு கூட வளையல. சேவுகனுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. எங்க வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஒருத்தன் அமையணும் சாமின்னு வாய்விட்டுச் சொன்னாரு. வண்டி நெழல்ல இருந்த பொம்பளைக ஒருத்திய ஒருத்தி இடிச்சுக்கிட்டுச் சிரிச்சாகளாம். ஏன் சிரிச்சாகன்னு இவருக்குத் தெரியல. கண்ணேறு பட்டுரும்னு மாப்பிள்ளைய மாப்பிள்ளைன்னு சொல்லாமக் கூட்டிப் போறது அப்ப வழக்கம்.

புளிச்சோறு, தேங்காத் தொவையல். வயிரவன் தன் கையால அள்ளி அள்ளி வச்சாராம். நாலு மாசம் ஆட்டோட மட்டும் பேசுன மனுசன் சேவுகன். அம்புட்டு அன்பையும் அம்புட்டுச் சோத்தையும் கண்டா வாயி நிக்குமா? மழை தண்ணி, கிடை, நரி வந்தது, எல்லாம் பேசுனாரு. பேசிக்கிட்டே இருக்கையில வயிரவன் ஒரு கை சோத்த எடுத்துப்போயி பாதையோரமா வச்சுட்டு வந்தாரு. காக்காய்க்கான்னு கேட்டாரு இவரு.

இல்ல, எந் தங்கச்சிக்குன்னாராம் அவரு. தாது வருசத்துல கட்டிக் குடுத்த ஊருலருந்து பொறந்த வீட்டுக்கு வர்றேன்னு கெளம்புனா. வந்து சேரல. எந்தப் பாதையில விழுந்தான்னு தெரியாது. அதனால எந்தப் பாதையில போனாலும் ஒரு பிடி வைக்கிறேன். இதச் சொல்லிட்டு அந்த மனுசன், அம்புட்டு சனத்துக்கு முன்னால, மீசை நனைய அழுதாரு.

சேவுகனுக்கு நெஞ்சு தாங்கல. பாருங்க, அந்த எடத்துல கல்லு மனசுக்காரனா இருந்தாத் தப்பிச்சிருப்பாரு. சோறு போட்ட மனுசன் அழுகுறாரு, ஒரு ஆறுதல் சொல்லணும். சொல்றதுக்கு இவருகிட்ட வேற என்ன இருக்கு? அந்தா, எதுக்க ஆவாரஞ்செடி பூத்து நிக்குது.

“எல்லாரும் சாகல அய்யா. அந்தா தெரியுதே ஆவாரஞ்செடி, அதுக்குக் கீழ செத்த ஆத்தாளுக்குப் பக்கத்துல ஒரு பிள்ளை கெடந்துச்சு. யாரு பிள்ளையோ. எங்கக்கா எடுத்துப் பாலு குடுத்தா. இன்னைக்கு அது வளந்து, நாளைக்கு மணவறையில ஒக்காரப் போகுது. தங்கமான பிள்ளை.”

வயிரவன் கண்ணத் தொடச்சுக்கிட்டாராம். நல்லாருக்கணும், அந்தப் பிள்ளை நல்லாருக்கணும்னாராம். பொம்பளைகளும் மூக்க உறிஞ்சுனாக. சேவுகனுக்குத் தான் ஒரு நல்ல வார்த்தை சொன்னது சந்தோசம். இன்னும் ஒரு வார்த்தை சொன்னாரு.

“அன்னைக்கு நாலு தூத்தல் விழுந்துச்சு. அதான் மழைச்சின்னு பேரு வச்சோம்.”

சோத்துல இருந்த கையெல்லாம் அப்படியே நின்னு போச்சாம். வயிரவன் எந்திரிச்சுப்போயி மாட்டுக்கிட்ட நின்னுக்கிட்டாரு. அந்த எளந்தாரி சேவுகன் மொகத்தையே பாத்தானாம். ரொம்ப நேரம் பாத்தானாம். கொஞ்சங்கழிச்சு வயிரவன் திரும்பி, நீங்க முன்னால போங்க, மாடு களைச்சிருக்கு, நாங்க ஆற அமர வர்றோம்னாரு. இவரும் கும்பிட்டுட்டு, அந்தப் புதுச் செருப்போட கெழக்க நடந்தாரு. மனசு நெறஞ்சு நடந்தாராம். திரும்பிக்கூடப் பாக்கல. பாத்திருந்தா ரெண்டு வண்டியும் மேக்க திரும்புறது தெரிஞ்சிருக்கும்.

வயிரவன் கெட்டவரா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அழுதது நெசம். வண்டியத் திருப்புனதும் நெசம். இருபது பேரு சொந்தக்காரன் காதுல விழுந்து போச்சு, யாரு பெத்ததோன்னு. அவரு ஒத்துக்கிட்டாலும் அவுக விடமாட்டாக. அந்தக் காலம் அப்படி. இந்தக் காலம் மட்டும் என்ன வாழுதாம்?

ஊருக்கு வந்தாரு சேவுகன். மழைச்சி ஓடியாந்து, அம்மான், அம்மான்னு கையப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு கையிலயும் பச்சை வளையல அடுக்குனாரு, ஒண்ணுகூட ஒடையாம. சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மேளத்தோட ஊரு எல்லைக்குப் போயி நின்னாக. பொழுது சாஞ்சுச்சு, வண்டி வரல. விளக்கு வச்சாச்சு, வண்டி வரல. பந்தல்ல கட்டுன வாழையும், அரைச்சு வச்ச மஞ்சளும், வடிச்ச சோறும் அப்படியே கெடக்கு. விடிஞ்சப்பறம் ஒரே ஒரு ஆளு நடந்து வந்தான். கையில ஒரு மஞ்சத்துணி முடிச்சு. நிச்சயத்துக்கு மாத்திக்கிட்ட வெத்தலை பாக்க, வாடி வதங்கி, அதே துணியில திருப்பிக் கொண்டாந்திருக்கான். பந்தக்கால் கிட்ட வச்சுட்டு, மன்னிச்சுக்கங்கன்னான்.

சேவுகன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு முன்னால வந்தாரு, எவன்டா அவன்னு கேக்க. வந்தவன் இவரு மொகத்தப் பாக்கல. வாசல்ல கழட்டிப் போட்டிருந்த செருப்பப் பாத்தான். பாத்துட்டு, அய்யய்யோ, மாப்பிள்ளை செருப்புன்னான். அப்பத்தான் இவரும் அவனப் பாத்தாரு. நேத்து புளிய மரத்தடியில மாட்டுக்குத் தண்ணி காட்டுன வண்டிக்காரன்.

அந்த எடத்துலயே ஒக்காந்துட்டாராம் சேவுகன். ஊரு பூராம் நிக்குது. ஏன், எதுக்குன்னு கத்துது. அவரே வாயத் தொறந்தாரு. ஒளிக்கல, மறைக்கல. நாந்தான் சொன்னேன், அவுகன்னு தெரியாமச் சொன்னேன், ஆவாரஞ்செடிய நாந்தான் சொன்னேன்னாரு. அடைக்கி வந்தா. தம்பி தலைமயிரப் பிடிச்சுக்கிட்டு நின்னாளாம்.

“பதினேழு வருசம் ஊரே மென்னு முழுங்குனத, ஒரு வாய்ச் சோத்துக்குக் கக்கிட்டியேடா.”

அம்புட்டுத்தான் சொன்னா.

மழைச்சி எங்க இருந்தா? மணப்பொண்ணாச்சே, கதவுக்குப் பின்னால இருந்தா. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. கல்யாணம் நின்னதும் அப்பத்தான் தெரியும், தான் அடைக்கி பெத்த பிள்ளை இல்லங்கிறதும் அப்பத்தான் தெரியும். ரெண்டும் ஒரே நேரத்துல. வெளிய வந்தா. எல்லாரும் அவ அழப்போறான்னு நெனச்சாக. அழல. குனிஞ்சு சேவுகன் காலப் பாத்தாளாம்.

“அம்மான், காலு வீங்கியிருக்கு. சுடுதண்ணி வைக்கவா?”

வச்சா. கழுவிவிட்டா. சேவுகன் ரெண்டு கையாலயும் மொகத்தப் பொத்திக்கிட்டு அழுதாரு. பெறகு மழைச்சி ஆத்தாகிட்டப் போயி, எந்த எடத்துல கெடந்தேன்னு கேட்டாளாம். அடைக்கி சொன்னா.

மறுநா காலையில மழைச்சி தலையச் சீவி முடிஞ்சுக்கிட்டு, பழைய சீல ஒண்ணக் கட்டிக்கிட்டு, ஒரு சின்ன மூட்டையோட வாசலத் தாண்டுனா. எதுத்த வீட்டுச் சிவத்தாயி வாசத் தெளிச்சுக்கிட்டு இருந்தா. ஒத்தையில போற பிள்ளை, மொதநா கல்யாணம் நின்ன பிள்ளை. எங்க போறேன்னு கேக்கலாம்ல? கேக்கக்கூடாதே. போறவள அப்படிக் கேட்டா ஆகாதே.

“தூரமா ஆத்தா?”ன்னாளாம்.

“தூரந்தான்”னாளாம் மழைச்சி.

சொல்லிட்டு உடனே போகலயாம். கொஞ்ச நேரம் நின்னாளாம், இன்னும் எதையோ கேக்கப் போறாகன்னு பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி. சிவத்தாயி கேக்கல. சாகுற வரைக்கும் அந்தப் பொம்பளை அதையே சொல்லிச் சொல்லி மாரடிச்சா. அப்பறம் மடை தெறந்துக்கிட்டு இருந்த ஒருத்தர் பாத்தாரு. அவரும் தூரமான்னுதான் கேட்டாரு. அங்கயும் நின்னு, தூரந்தான்னு சொல்லிட்டுப் போயிருக்கா.

வீட்டுல தேடி, கெணத்துல தேடி, சேவுகன் நொண்டிக்கிட்டே நாலுபாதைக்கு ஓடியாந்தாரு. ஆவாரஞ்செடிக்குக் கீழ ரெண்டு டசன் பச்சை வளையல். ஒடைக்கல. ஒண்ணு ஒண்ணாக் கழட்டி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருக்கா. தான் கெடந்த எடத்தப் பாத்துட்டுப் போயிருக்கா. எந்தப் பாதையில போனா? வடக்கயா, மேக்கயா, தெக்கயா? புழுதியில ஆயிரம் காலு. ஒரு பாதையில போயித் தேடுனா, மத்த ரெண்டு பாதையில அவ திரும்பி வந்தா யாரு பாக்குறது?

அதனால போகல. அங்கயே ஒக்காந்துட்டாரு.

கிடைக்குப் போகல. வீட்டுக்கும் போகல. அடைக்கி ஒரு மாசம் அவரு மொகத்துல முழிக்கல. அப்பறம் அவளே தெனமும் சோறு கொண்டாந்து வச்சுட்டுப் போனா, பேசாம. சேவுகன் பாதையில வர்ற போற அத்தனை பேரையும் மறிச்சு, “எங்க போறீக? எங்கேருந்து வர்றீக?”ன்னு கேப்பாராம். பொண்ணு பாக்கப் போறவுக, கோயிலுக்குப் போறவுக, ஒருத்தரையும் விடல. சும்மா விடுவாகளா? காரியத்தக் கெடுத்துட்டியே பாவின்னு காறித் துப்புனாக. செல பேரு வண்டியத் திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போயித் தண்ணி குடிச்சுட்டு மறுபடி கெளம்புனாக. ஒருக்கா ஒரு கூட்டம் அடிச்சே போட்டுருச்சு. மறுநா கட்டோட ஒக்காந்து கேட்டாராம், எங்க போறீகன்னு.

ஒருநா ஒரு பொம்பளை வந்தா, இடுப்புல கைப்பிள்ளை. உச்சி வெயிலு, தலையில துணி இல்ல, கையில தண்ணி இல்ல. எங்க போறே ஆத்தான்னு கேட்டாரு. அந்தப் பொம்பளை அப்படியே ஒக்காந்து ஓன்னு அழுதாளாம். காலையிலருந்து மூணு ஊரு தாண்டி வர்றேன், ஒருத்தரும் கேக்கல, கேட்டிருந்தாத் திரும்பியிருப்பேன்னாளாம். அவளுக்குச் சோறு குடுத்து, கூடவே நடந்துபோயி அவ ஆத்தா வீட்டுல விட்டுட்டு வந்தாரு. அன்னைக்கு ஒரு நாதான் சேவுகன் நாலுபாதைய விட்டுப் போனது. அதக் கேள்விப்பட்ட பெறகுதான் எங்க ஊரு சனமும் வாயத் தொறந்து கேக்க ஆரம்பிச்சுச்சு. மொதல்ல கேட்டது சிவத்தாயி.

வருசம் போச்சு. பதினோரு வருசம். சேவுகனுக்குக் கண்ணு மங்கிப் போச்சு, காதும் மந்தம். ஆள் வர்ற நெழலு தெரிஞ்சாக் கேப்பாரு, அம்புட்டுத்தான். ஒருநா மேக்கருந்து ஒத்தை ஆளா ஒரு கிழவரு, கம்ப ஊணிக்கிட்டு வந்தாரு.

“எங்க போறீக அய்யா?”

“ஒங்கிட்டத்தான் வந்தேன்”னாரு அவரு.

கண்ணு தெரியாட்டியும் கொரலு மறக்குமா? துண்ட விரிச்சுப் போட்ட மனுசன். வயிரவன். சேவுகன் தான் ஒக்காந்திருந்த துண்ட ஒதறி, அவருக்கு விரிச்சுப் போட்டாராம்.

வயிரவன் அதுல ஒக்காந்து பேசுனாரு. பதினோரு வருசமா ஒண்ணு நெஞ்சுக்குள்ள கெடந்து அறுக்குது, கேக்கப் பயமா இருந்துச்சு, சாகுறதுக்குள்ள கேட்டுருவோம்னு வந்தேன்னாரு. எந் தங்கச்சி பொறந்த வீட்டுக்குக் கெளம்புனப்ப முழுகாம இருந்தா, பிள்ளை பெத்தாளா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாதுன்னாரு.

“ஆவாரஞ்செடிக்குக் கீழ கெடந்த பொம்பளை, கையில பச்சை குத்தியிருந்தாளா?”

“எடது கையில. தேளு”ன்னாரு சேவுகன். “ஆனா கொடுக்கு இல்லாத தேளு. எங்கக்கா கூடச் சொன்னா, யாரோ பாதியில விட்டுட்டாகன்னு.”

வயிரவன் கம்பக் கீழ போட்டுட்டுச் சேவுகன் கையப் பிடிச்சுக்கிட்டாராம்.

“வலிக்குது அண்ணேன்னு அழுதா. குத்துறவ கையத் தட்டிவிட்டுட்டு எந்திரிச்சு ஓடியாந்துட்டா. நாந்தான் தோள்ல தூக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.”

புரியுதா ஒங்களுக்கு? யாரு பெத்ததோ, என்ன சாதியோன்னு எந்தப் பிள்ளைய வேணாம்னு வண்டியத் திருப்புனாரோ, அது அவரு தங்கச்சி மக. அவரு மகன், அந்த மாப்பிள்ளை நல்லணனுக்கு அத்தை மக. தேடிப்போயிக் கட்ட வேண்டிய முறைப்பொண்ணு. அன்னைக்கு அதே புளிய மரத்தடியில, அந்தப் பொம்பளை எப்படி இருந்தா, கையில என்ன இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா மறுநா கொட்டு மேளம். அதுக்கும் முன்னால, எங்க போறீகன்னு ரெண்டுல ஒருத்தர் கேட்டிருந்தா இந்தப் பேச்சே இல்ல.

“அன்னைக்கே கேட்டிருக்கலாமே அய்யா”ன்னாராம் சேவுகன்.

“நீயும் கேட்டிருக்கலாம்.”

“ஆமா. நானும் கேட்டிருக்கலாம்.”

வயிரவன் பூவாலங்குடிக்குத் திரும்பல. சேவுகனுக்குக் கண்ணு தெரியாது, இவருக்குத் தெரியும். சேவுகன் வடக்கயும் தெக்கயும் பாத்து ஒக்காருவாரு, இவரு மேக்க பாத்து ஒக்காருவாரு. வர்றவுக போறவுகள ரெண்டு பேருமாக் கேட்டாக. மழைச்சி வரல. எந்தத் தெசையிலயும் அப்படி ஒரு பொண்ணப் பாத்தேன்னு சொன்ன ஆளும் வரல. போனவ போனவதான். மொதல்ல சேவுகன் போனாரு, ரெண்டு வருசத்துல வயிரவனும் போனாரு. ரெண்டு பேரையும் இங்கதான் அடக்கம் பண்ணுனாக. பெரிய கல்லு சேவுகன். அதத்தான் கேட்டான் கல்லுங்கிறது. பக்கத்துல சின்னக் கல்லு வயிரவன்.

அதான் இந்த எடத்துல செருப்போட நடக்க மாட்டோம். எங்க ஊருப் பொண்ணு கல்யாணமாகிப் புருசன் வீட்டுக்குப் போறப்ப வண்டிய நிப்பாட்டி, ரெண்டு பச்சை வளையல இந்த ஆவாரஞ்செடியில மாட்டிட்டு, இன்ன ஊருக்குப் போறேன், இன்னார் வீட்டுக்குப் போறேன்னு பேரச் சொல்லிட்டுத்தான் போவா. நாங்க ‘எங்க’ன்னு கேக்குறது வம்பு இல்ல, வாய்க்கொழுப்பும் இல்ல. இன்னொரு பிள்ளை தூரந்தான்னு சொல்லிட்டு எங்க வாசலத் தாண்டிப் போயிரக்கூடாது. அம்புட்டுத்தான்.

டயரு மாட்டியாச்சு போல. எந்திரிங்க. செருப்பக் கையில எடுத்துக்கங்க. கல்லுக்கிட்டப் போயி, எந்த ஊருக் கல்யாணத்துக்குப் போறீகன்னு சொல்லிட்டுப் போங்க.

கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அவருக்குக் காது மந்தம்.